எவ்வளவு, எங்கே, ஏன்: செம்பனை ஆலை விசிறியும் அதிர்வுக் கணக்கும்

மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு யோங் பெங் என்றால் பேருந்து நின்று கிளம்பும் ஊர், லாரிக்காரர்கள் தேநீர் குடிக்கும் ஊர், டயர் மாற்றிக்கொள்ளும் ஊர். டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றி எந்திரத்தில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். திரையில் எண் வரும். அந்த எடையை விளிம்பில் தட்டிப் பொருத்துவார்கள், வேலை முடிந்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காரின் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 16 முறை சுற்றுகிறது. மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி 20 கிராம் கூடுதலாக ஒட்டியிருந்தாலே அச்சின்மீது நான்கு கிலோ எடைக்குச் சமமான இழுப்பு விழும். ஸ்டீயரிங் நடுங்குவதற்கு அது போதும்.

ஊரைத் தாண்டிச் சாலை எந்தப் பக்கம் பிரிந்தாலும், லாபிஸ், குளுவாங், பத்து பகாட் என எங்கே போனாலும், இருபுறமும் செம்பனை. அதன் குலைகளைப் பிழியும் ஆலைகளிலும் இதே சிக்கல் உண்டு, அளவுதான் வேறு. பாய்லரின் புகையை உறிஞ்சிப் புகைபோக்கிக்குத் தள்ளும் ஐ.டி. ஃபேனின் சுழல்பகுதி பல நூறு கிலோ எடையுள்ளது. டயரைப் போல அதை நினைத்தபோது கழற்றி எடுத்துப்போக முடியாது. எனவே விசிறி இருக்கும் இடத்திலேயே அதை ஓடவிட்டு, பேரிங்கின்மேல் சென்சார் வைத்து அதிர்வை அளந்து, கணக்குப் போட்டு, பிளேடு பொருந்திய தட்டில் எடையை வெல்டிங் செய்கிறார்கள். ஆலைக்காரர்களின் பேச்சில் இதற்கு 'சைட் பேலன்சிங்' என்று பெயர்.

இந்த முறையின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அதிர்வு எவ்வளவு, எடையை எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இது துல்லியமாகப் பதில் சொல்கிறது. விசிறி ஏன் சமநிலை இழந்தது என்ற மூன்றாவது கேள்வியை இது கேட்பதே இல்லை. முதல் இரண்டின் பதில் கிடைத்ததும் மூன்றாவதற்கும் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வதில்தான் குறை தொடங்குகிறது.

சாம்பல் ஏறும் விசிறி

செம்பனை ஆலை தன் எரிபொருளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பிழிந்தெடுத்த நாரும் உடைத்த கொட்டையின் ஓடும்தான் பாய்லருக்கு விறகு. அந்த நெருப்பில் கிளம்பும் சாம்பலில் சிலிக்கா உண்டு. அது மணல்போல் அராவும். பொட்டாசியமும் உண்டு, அதனால் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். விசிறிக்கு முன்னால் இருக்கும் சூறாவளிப் பிரிப்பான்கள் பெரிய துகள்களைப் பிடித்துவிடும். நுண்ணிய சாம்பல் அவற்றைத் தாண்டி வந்து, பின்னோக்கி வளைந்த பிளேடுகளின் முதுகில் படிகிறது. ஓரிடத்தில் படிந்து கனக்கிறது, இன்னோரிடத்தில் உலோகத்தையே தேய்க்கிறது. இரண்டும் எல்லாப் பிளேடுகளிலும் ஒரே அளவில் நடப்பதில்லை.

கணக்குக்காக ஒரு விசிறியை வைத்துக்கொள்வோம். சுழல்பகுதியின் எடை 800 கிலோ, வேகம் நிமிடத்துக்கு 1470 சுற்று, எடை வைக்கக்கூடிய ஆரம் 700 மில்லிமீட்டர். தொழிற்சாலை விசிறிகளுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் சமநிலைத் தரம் ஜி 6.3. அந்தத் தரத்தின்படி இந்த விசிறியில் மிஞ்சியிருக்கக்கூடிய சமனின்மை அந்த ஆரத்தில் சுமார் 47 கிராம்தான். ஒரு பிளேடின் முதுகில் 100 கிராம் சாம்பல் கூடுதலாக ஒட்டினால் எல்லை இரட்டிப்பாகத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த 100 கிராம் 1470 சுற்றில் உண்டாக்கும் விசை ஏறக்குறைய 1660 நியூட்டன், அதாவது 170 கிலோ எடைக்குச் சமம். அந்தப் பாரம் விநாடிக்கு 24 முறைக்கும் மேலாகத் திசை மாறி மாறிப் பேரிங்கை அடிக்கிறது. நாள் முழுதும் ஓடும் விசிறியில் பேரிங், பிணைப்பு போல்ட்டு, அடித்தளம் எல்லாமே அந்த அடியை வாங்கியாக வேண்டும்.

விசிறி நின்றால் பாய்லர் நிற்கும். பாய்லர் நின்றால் நீராவி இறங்கும், டர்பைன் நிற்கும், பழத்தை வேகவைக்கவும் வழியில்லை. அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்துவிட வேண்டும் என்பது தோட்டத் தொழிலின் பால பாடம். தாமதமானால் எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் ஏறும். கச்சா பனையெண்ணெய் வணிகத்தில் 5 விழுக்காடு என்ற வரம்பைத் தாண்டினால் விலை விழும். குலை குவியும் மாதங்களில் மேலாளர் விசிறியை நிறுத்தத் தயங்குவதும், நிறுத்தினாலும் சீக்கிரம் ஓட்டு என்று அவசரப்படுத்துவதும் இதனால்தான். இந்த முறையின் குறைகள் பலவும் அந்த அவசரத்தில் பிறந்தவை.

கணக்கின் அழகு

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையான பலம். சமனின்மையை நேரே அளக்க வழியில்லை. சாம்பல் எங்கே எத்தனை கிராம் ஏறியிருக்கிறது என்று மூடிய உறைக்குள் யாரும் தராசு வைத்துப் பார்க்க முடியாது. ஆகவே தெரிந்த ஓர் எடையைத் தெரிந்த இடத்தில் வைத்து, அதிர்வு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறோம். எந்திரம் தன் இயல்பைத் தானே சொல்லிவிடுகிறது. அடித்தளம் எவ்வளவு கெட்டி, பேரிங் எவ்வளவு இளக்கம் என்று எதையும் முன்கூட்டித் தெரிந்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த தியார்ல் 1934இல் இதைச் சுழல்பகுதியின் இரு முனைகளில் உள்ள இரண்டு தளங்களுக்கும் பொருந்தும் ஒழுங்கான கணிதமாக எழுதி வெளியிட்டார். இன்று கையடக்கக் கருவிகளுக்குள் ஓடுவது அடிப்படையில் அதே கணக்குதான்.

எண்களோடு பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். விசிறியின் முதல் அளவு விநாடிக்கு 8 மில்லிமீட்டர், ஃபேஸ் 40 டிகிரி. ஷாஃப்ட்டில் ஒட்டிய பளபளப்பான பட்டையை லேசர் பார்க்கும் கணத்திலிருந்து அதிர்வின் உச்சம் எத்தனை டிகிரி தள்ளி வருகிறது என்பதே ஃபேஸ். இப்போது 60 கிராம் சோதனை எடையை வைத்து மீண்டும் ஓட்டுகிறோம். அளவு 6 மில்லிமீட்டராகக் குறைகிறது, ஃபேஸ் 110 டிகிரிக்குப் போகிறது.

ஃபேஸைப் பார்க்காதவர் என்ன சொல்வார்? 60 கிராமுக்கு 2 மில்லிமீட்டர் குறைந்தது, ஆகவே 240 கிராம் வைத்தால் 8 மில்லிமீட்டரும் போய்விடும் என்பார். அதைச் செய்தால் அதிர்வு 27 மில்லிமீட்டரைத் தாண்டும். ஃபேஸையும் சேர்த்துத் திசையன்களாக வரைந்தால் உண்மை வேறாக இருக்கிறது. அந்த 60 கிராம் தனியாக உண்டாக்கிய விளைவு 8.2 மில்லிமீட்டர். வேண்டிய அளவுக்கு அது ஏறக்குறையச் சரியான எடைதான், வைத்த இடம்தான் பிசகு. எடையை 59 கிராமாக்கி, இடத்தை 43 அல்லது 44 டிகிரி நகர்த்தினால் அதிர்வு கணக்கின்படி சுழியத்துக்கு வரும். இரண்டு ஓட்டங்களில் இத்தனை தெளிவைத் தரும் வேறு முறை பராமரிப்பு வேலையில் அரிது.

ஃபேஸ் அளக்கும் கருவி இல்லாத ஆலைக்கும் வழி உண்டு. ஒரே சோதனை எடையை 120 டிகிரி இடைவெளியில் மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, வெறும் அதிர்வளவை மட்டும் குறித்துக்கொண்டு, தாளில் காம்பஸால் வட்டங்கள் வரைந்தால் அவை சந்திக்கும் இடம் விடையைக் காட்டிவிடும். இதற்குச் செலவு ஒரு மீட்டரும் ஒரு தாளும்தான். ஆனால் மோட்டாரை ஐந்து முறை ஓட்டி நிறுத்த வேண்டும். பெரிய மோட்டாரை ஒரு மணி நேரத்தில் இத்தனை முறைதான் ஸ்டார்ட் செய்யலாம் என்ற வரம்பு இருப்பதால் சார்ஜ்மேன் முகம் சுளிப்பார். காசில் மிச்சப்பட்டது நேரத்தில் போகும்.

4.5 என்ற எண்

வேலை முடிந்ததும் அறிக்கையில் ஓர் எண் எழுதப்படும். அதை வைத்துத்தான் பணம் பட்டுவாடா ஆகும். அந்த எண்ணைப் படிப்பதில் இருக்கும் குழப்பம் பலரும் நினைப்பதைவிடப் பெரியது.

அதிர்வை மூன்று விதமாகச் சொல்லலாம். நம் விசிறியின் விநாடிக்கு 8 மில்லிமீட்டர் என்ற திசைவேகம், அதே சுற்றில் 147 மைக்ரான் இடப்பெயர்ச்சி, 0.13 ஜி முடுக்கம். மூன்றும் ஒரே நடுக்கம். இடப்பெயர்ச்சியைப் பார்ப்பவர் பயப்படுவார், முடுக்கத்தைப் பார்ப்பவர் ஒன்றுமில்லை என்பார். நடுத்தர வேகத்தில் ஓடும் எந்திரங்களுக்குத் திசைவேகம் பொருத்தமான அளவு என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற பேச்சு ஆலைகளில் நிலைத்தது அதனால்தான்.

அந்த மில்லிமீட்டர் எங்கே அபாயமாகிறது என்பது இயற்பியல் சொன்ன விதி கிடையாது. அது அனுபவத்தில் விளைந்த உடன்பாடு. 1939இல் ராத்போன் என்ற அமெரிக்கப் பொறியாளர் முதல் புகழ்பெற்ற அட்டவணையை வெளியிட்டார். அவர் வேலை பார்த்தது காப்பீட்டு நிறுவனத்தில். எந்த எந்திரம் உடையும், எது தாங்கும் என்று பல ஆலைகளைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. அந்த வழியில் 1964இல் ஜெர்மானியரின் வி.டி.ஐ. 2056, 1974இல் ஐ.எஸ்.ஓ. 2372, பிறகு 10816 வரிசை, 2022இல் 20816-3 என்று அட்டவணைகள் வளர்ந்தன.

இவற்றில் 4.5 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்வோம். 15 முதல் 300 கிலோவாட் வரையிலான எந்திரங்களுக்கு 2022 வரை நடப்பில் இருந்த 10816-3 இரண்டு வரிசைகள் தந்தது. கெட்டியான அடித்தளத்தில் நிற்கும் எந்திரத்துக்கு 4.5 என்பது சேதம் விளையக்கூடிய கடைசி மண்டலத்தின் வாசல். நெகிழ்வான அடித்தளத்தில் நிற்கும் எந்திரத்துக்கு அதே 4.5 வரை நீண்டகாலம் ஓட்டலாம். விசிறிகளுக்கென்றே எழுதப்பட்ட ஐ.எஸ்.ஓ. 14694ஐத் திறந்தால், சாதாரண ஆலை விசிறிகள் அடங்கும் பி.வி.-3 வகையில், கெட்டியான அடித்தளத்துக்கு, புதிதாக ஓடத் தொடங்கும் விசிறியே 4.5 வரை இருக்கலாம். அங்கே எச்சரிக்கை 7.1, நிறுத்த வேண்டிய அளவு 9. ஆக ஒரே எண் ஒரு வரிசையில் அபாயம், இன்னொரு வரிசையில் அனுமதி, வேறோர் அட்டவணையில் புது விசிறியின் தகுதி. எந்த அட்டவணை, எந்த வரிசை என்று எழுதாத அறிக்கையை வைத்துக்கொண்டு மேலாளரும் குத்தகையாளரும் வாதாடினால் இருவரும் தத்தம் தாளில் சரியாகவே இருப்பார்கள்.

கெட்டி, நெகிழ்வு என்ற பிரிவும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதற்கில்லை. எந்திரமும் அடித்தளமும் சேர்ந்த அமைப்பின் மிகக் குறைந்த இயல்பு அதிர்வெண், சுழற்சி அதிர்வெண்ணைவிடக் குறைந்தது 25 விழுக்காடு மேலே இருந்தால்தான் அந்தத் திசையில் அது கெட்டி. செங்குத்தாகக் கெட்டியாகவும் கிடைமட்டமாக நெகிழ்வாகவும் ஒரே விசிறி இருக்கலாம். பத்து பகாட் மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுப் பேச்சாக நிற்பதில்லை. மேற்கே கடலை நோக்கிப் போகப் போக நிலம் மென்களிமண்ணாகவும் கரிமண்ணாகவும் மாறுகிறது. பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் மென்மண்ணை ஆராயவே தனி மையம் வைத்திருக்கிறது. அத்தகைய நிலத்தில் எழுப்பிய ஆலையில் கான்கிரீட் மேடை ஒருபக்கம் இறங்கும், மோட்டாரின் ஒரு கால் தரையில் பதியாமல் தூக்கி நிற்கும், கப்ளிங்கின் நேர்கோடு கெடும். வேறு நாடுகளில், வேறு நிலத்தில் நின்ற எந்திரங்களைப் பார்த்துப் பழகிய வரிசையை அப்படியே இங்கே பொருத்துவதற்கு முன் ஒரு முறை யோசிக்க வேண்டும்.

சமனின்மை போன்று தோன்றுபவை

ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஓர் அதிர்வு வந்தால் அது சமனின்மை என்பது பொதுவான பாடம். பாடம் தவறில்லை, முழுமையும் இல்லை. வளைந்த ஷாஃப்ட், இளகிய அடிபோல்ட்டு, நேர்கோடு கெட்ட கப்ளிங், ஒத்ததிர்வு, மையம் பிசகிய பெல்ட் சக்கரம் ஆகிய எல்லாமே சுற்றுக்கு ஓர் அதிர்வைத் தரவல்லவை. வேறுபடுத்தும் அடையாளங்கள் இருக்கின்றன. உண்மையான சமனின்மையில் கிடைமட்ட அளவுக்கும் செங்குத்து அளவுக்கும் இடையே ஃபேஸ் ஏறக்குறைய 90 டிகிரி விலகும். வளைந்த ஷாஃப்ட்டில் அச்சுத் திசை அதிர்வு ஓங்கும், இரண்டு பேரிங்கிலும் அது எதிரெதிராக வரும். போல்ட்டு இளகியிருந்தால் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்கள் வரிசையாக எழும். ஒத்ததிர்வில் வேகம் சிறிது மாறினாலும் ஃபேஸ் தடாலென்று புரளும்.

இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் போதும். அவசரத்தில் முதலில் பலியாவது அந்த அரை மணி நேரம்தான். கணக்கின் அழகே இங்கே வினையாகிறது. அடிபோல்ட்டு இளகிய விசிறிக்கும் சோதனை எடை வைத்து ஓட்டினால் கருவி ஏதோ ஒரு விடையைத் தரத்தான் செய்யும். அந்த எடையை வைத்தால் அன்றைக்கு அதிர்வு குறையவும் கூடும். நோய்க்கு எதிராக இன்னொரு விசையைக் கொடுத்து இரண்டும் கூட்டிக் கழிந்து மீட்டரில் சின்ன எண்ணாகிவிடும். போல்ட்டு இன்னும் இளகும்போது அந்த ஏற்பாடு குலையும்.

சாம்பலோடு பேலன்சிங் செய்வது இதன் மிகப் பரவலான வடிவம். 100 கிராம் சாம்பல் ஒட்டியிருக்கிறது, எதிர்ப்பக்கம் 100 கிராம் இரும்பு வெல்டிங் ஆகிறது, அதிர்வு அடங்குகிறது. பிறகு ஒருநாள் பாய்லர் ஆறிச் சூடேறும்போது சாம்பல் பாளமாக உதிர்கிறது. அப்போது சமனின்மையே அந்த இரும்புதான். நேற்றுவரை மருந்தாக இருந்தது இன்று நோய். மறுபடி ஆள் வருகிறார், மறுபடி ஒரு பட்டை. நெடுநாள் ஓடிய விசிறியின் உறையைத் திறந்து பார்த்தால் பின்தட்டின் விளிம்பைச் சுற்றி வெவ்வேறு காலத்துப் பட்டைகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதைக் காணலாம். சில எதிரெதிர்ப் பட்டைகள் ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டு வெறும் சுமையாக ஒட்டியிருக்கும். அவற்றையெல்லாம் கூட்டி ஒரே எடையாக்கலாம் என்று கணிதம் சொல்கிறது. பழைய பட்டைகளின் எடையையும் இடத்தையும் யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

சட்டமும் இந்தக் கதைக்குள் ஒரு பக்கவாட்டு வழியில் வருகிறது. மலேசியாவின் 2014ஆம் ஆண்டு தூய காற்று விதிமுறைகள் புகைபோக்கித் தூசிக்கு வரம்பை இறுக்கியதால் ஆலைகள் துணிவடிகட்டிகளையும் மின்தூசி பிடிப்பான்களையும் நிறுவ வேண்டி வந்தது. வடிகட்டி விசிறிக்கு முன்னால் அமைந்தால் விசிறிக்கு வரும் காற்று சுத்தமாகிறது, சாம்பல் ஏறுவது குறைகிறது. சுற்றுச்சூழலுக்காகச் செய்த செலவு பேரிங்கின் ஆயுளையும் கூட்டுகிறது. சமனின்மையின் மூல காரணத்தைத் தொடுவது எத்தனை பயன் தரும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆண்டு முழுதும் பட்டை ஒட்டியும் கிடைக்காத நிம்மதி, காற்று வரும் வழியை மாற்றியதில் கிடைக்கிறது.

களத்தில் நடக்கும் பிசகுகள்

முறை சரியாக இருந்தும் கை தவறும் இடங்கள் சில உண்டு. முதலாவது கோணத்தின் திசை. நம் எடுத்துக்காட்டில் எடையை 43.5 டிகிரி நகர்த்தச் சொல்கிறது கருவி. சுழற்சியின் திசையிலா, எதிர்த்திசையிலா? கருவிக்குக் கருவி வழக்கம் மாறும். தவறான பக்கம் நகர்த்தினால் 8 மில்லிமீட்டர் 11 ஆகிவிடும். அந்த 11ஐப் பார்த்ததும் கருவி கெட்டுவிட்டது என்றோ விசிறி கெட்டுவிட்டது என்றோ முடிவுகட்டுவது எளிது.

இரண்டாவது சோதனை எடை. கணக்கு முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டதாகக் கருவி எடுத்துக்கொள்கிறதா, அப்படியே விட்டதாகவா? இதைத் தெளிவாக்காமல் எடை வைத்தால் முழு உழைப்பும் வீண்.

மூன்றாவது வெல்டிங்கின் எர்த் கிளாம்ப். இதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பட்டையை ஒட்ட வெல்டர் உறைக்குள் குனிகிறார். கிளாம்ப்பைக் கைக்கு எட்டிய அடிச்சட்டத்தில் மாட்டுகிறார். இப்போது மின்சாரம் பட்டையிலிருந்து ஷாஃப்ட்டுக்குப் போய், பேரிங்கின் குண்டுகள் வழியாகக் குதித்துச் சட்டத்தை அடைகிறது. குண்டு தொடும் இடத்தில் நுண்ணிய தீய்ந்த குழிகள் விழுகின்றன. அதிர்வைக் குறைத்துப் பேரிங்கைக் காப்பாற்ற வந்த வேலை, அதே பேரிங்கைச் சேதப்படுத்திவிட்டுப் போகிறது. கிளாம்ப்பைச் சுழல்பகுதியின் மேலேயே, பட்டைக்குப் பக்கத்தில் மாட்டினால் இந்த வம்பே இல்லை. விநாடிக்கு மில்லிமீட்டரில் எழுதிய அறிக்கை இந்தக் குழியைக் காட்டாது. தொடக்கநிலைப் பேரிங் பழுது உயர்ந்த அதிர்வெண்களில் ஒலிக்கும், 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை அளக்கும் பொது எண்ணில் அது கரைந்துபோகும்.

நான்காவது சூடு. பேலன்சிங் நடப்பது பாய்லர் அணைந்த பிறகு, குளிர்ந்த காற்றில். வேலை செய்வதோ சில நூறு டிகிரி சூட்டில். குளிர்ந்த காற்று கனமானது, டேம்பரைத் திறந்து ஓட்டினால் மோட்டார் திணறும், ஆகவே டேம்பரை மூடியே அளக்கிறார்கள். சூடேறியதும் ஷாஃப்ட் நீளும், தட்டு சற்றே நெளியும், சமநிலை மாறும். குளிரில் எடுத்த எண்ணோடு அறிக்கை முடிந்துவிட்டால் அது பாதி அறிக்கைதான். உலை இழுப்பைக் கட்டுப்படுத்த இன்வெர்ட்டர் பொருத்திய ஆலைகளில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வேகம் இடைவிடாமல் மாறுகிறது. 1470இல் அமைதியாக இருக்கும் விசிறி 1200இல் அடித்தளத்தின் ஒத்ததிர்வைத் தொட்டு ஆடலாம்.

ஐந்தாவது குறை தொழில்நுட்பத்தைச் சேராதது, ஆனால் எல்லாவற்றையும்விடச் செலவு வைப்பது. சோதனை எடை ஓட்டத்தில் கிடைக்கும் விகிதம், அதாவது எந்த இடத்தில் எத்தனை கிராம் வைத்தால் அதிர்வு எவ்வளவு, எந்தத் திசையில் மாறும் என்பது, அந்த விசிறியின் சொத்து. வேகமும் பேரிங்கும் அடித்தளமும் மாறாதவரை அது செல்லும். அதை எழுதி வைத்த ஆலை அடுத்த முறை சோதனை ஓட்டமே இல்லாமல் நேரே திருத்த எடையைக் கணக்கிட்டுவிடலாம். பல இடங்களில் அந்தத் தகவல் வந்தவரின் கருவிக்குள் போய்விடுகிறது. ஆலையின் கோப்பில் மிஞ்சுவது 'முன்பு 8, பின்பு 1.9' என்ற ஒற்றை வரி. தன் எந்திரத்தின் இயல்பை ஆலையே திரும்பத் திரும்ப விலை கொடுத்து வாங்குகிறது.

எண் இருந்தும் நிறுத்தாதவர்கள்

குறைகளைப் பார்த்து அளவீட்டையே தூக்கியெறிவது அறிவாகாது. அளவு இருந்தும் அதை மதிக்காததன் விலை என்ன என்பதற்கு உலகம் பார்த்த கொடிய சாட்சி ரஷ்யாவின் சயானோ-சுஷென்ஸ்காயா நீர்மின் நிலையம். 640 மெகாவாட் திறனுள்ள பத்து டர்பைன்கள் கொண்ட அந்த நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 காலை இரண்டாம் எண் டர்பைனின் மேல்மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அறுந்தன. டர்பைன் நீரழுத்தத்தில் மேலே எழும்பியது, கூடம் வெள்ளத்தில் மூழ்கியது, 75 பேர் இறந்தார்கள். போல்ட்டுகளில் உலோகச் சோர்வால் விரிசல் விழுந்திருந்ததை விசாரணை காட்டியது. பேரிங்கின் அதிர்வு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்ததும் பதிவாகியிருந்தது. எண் இருந்தது. அந்த எண்ணுக்காக எந்திரத்தை நிறுத்தும் முடிவுதான் எடுக்கப்படவில்லை.

செம்பனை ஆலை விசிறியால் அத்தனை பெரிய அழிவு வராது. ஆனால் ஒரு பேரிங் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட் முறிந்தால் பக்கத்தில் நிற்கும் பாய்லர்மேனின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே நிறுத்தும் அளவு எது என்பதை முன்கூட்டியே, குலை குவியாத நாளில், மேலாளரும் பொறியாளரும் உட்கார்ந்து எழுதி வைத்திருக்க வேண்டும். பழம் அழுகும் அவசரத்தில் எடுக்கும் முடிவு எப்போதும் ஓட்டு என்ற பக்கமே சாயும்.

காதும் கருவியும்

தோட்டத்து ஆலைகளில் பழைய ஃபிட்டர்கள் ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங்கில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். விசிறியைக் கையால் சுற்றிவிட்டு, எந்தப் பிளேடு கீழே வந்து நிற்கிறது என்று பார்ப்பார்கள். இன்றைய கருவியின் முன்னால் இவை பழமையாகத் தோன்றலாம். ஆனால் முதலாவது, பேரிங் பழுதை மில்லிமீட்டர் எண்ணைவிட முன்னதாகவே பிடிக்கும். இரண்டாவது, ஒற்றைத் தட்டு விசிறியின் நிலைச் சமனின்மையை மின்சாரச் செலவே இல்லாமல் காட்டும். அகன்ற இரட்டை வாய் விசிறியில் இரு முனைகளிலும் எதிரெதிராகக் கனம் இருந்தால் கையால் சுற்றுவது ஏமாற்றிவிடும். நின்ற நிலையில் அது சமமாகவே தெரியும், ஓடினால்தான் ஆடும். அங்கே இரண்டு தள அளவீடு இல்லாமல் முடியாது.

இப்போது விலை குறைந்த கம்பியில்லா சென்சார்கள் வந்துவிட்டன. விசிறியை நாள் முழுதும் கண்காணிப்பது நல்லதே. திடீர்த் தாவல் வந்தால் சாம்பல் உதிர்ந்தது, மெல்ல ஏறினால் தேய்மானம் என்று வரைபடமே ஓரளவு கதை சொல்லும். 'ஏன்' என்ற கேள்விக்கு ஒற்றை அளவைவிடத் தொடர் பதிவு நெருக்கமாகப் போகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஃபேஸ் அளப்பதில்லை. அவற்றை நம்பி எடை வைக்க முடியாது. ஐ.எஸ்.ஓ. 18436-2 அதிர்வு ஆய்வாளர்களை நான்கு நிலைகளாகப் பிரித்துச் சான்றளிக்கிறது. சான்றிதழ் பெற்றவர் ஆண்டுக்குச் சில நாள் வருவார். விசிறியின் ஓசையைத் தினமும் கேட்பவர் ஆலைக்குள்தான் இருக்கிறார். அவருக்கு ஃபேஸ் என்றால் என்னவென்று அவர் பேசும் மொழியில் சொல்லிக் கொடுத்தால் இரண்டு அறிவும் ஒரே ஆளிடம் சேரும். இன்று அவை இரண்டு ஆட்களிடம் பிரிந்து கிடக்கின்றன, ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்பதும் குறைவு.

மொத்தத்தில் என் மதிப்பீடு இது. இடத்திலேயே அதிர்வை அளந்து சமன்படுத்தும் முறை கணித அளவில் ஏறக்குறையக் குறையற்றது, எளியது, மலிவானது. கெடுவது அதைச் சுற்றியுள்ள ஒப்பந்தத்திலும் ஒழுங்கிலும். 'அதிர்வை 2.8க்குக் கீழே கொண்டுவா' என்று மட்டும் எழுதிய பணியாணை, பட்டை ஒட்டுகிறவரைத்தான் வளர்க்கும். பிளேடுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே அளவு எடுக்க வேண்டும், இரு பேரிங்கிலும் மூன்று திசையிலும் ஃபேஸோடு அளவு தர வேண்டும், எந்த அட்டவணையின் எந்த வரிசை என்று எழுத வேண்டும், வைத்த எடையும் இடமும் விகிதமும் ஆலையின் கோப்பில் சேர வேண்டும், சூடேறிய பின் ஒரு முறை மீண்டும் அளக்க வேண்டும், காரணம் இன்னது என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்று பணியாணை கேட்டால் அதே கருவியும் அதே ஆளும் வேறு விதமாக வேலை செய்வார்கள். இதற்குக் கூடுதலாகப் பிடிப்பது அரை நாள். அந்த அரை நாளைக் குலை குறைந்த மாதத்திலேயே ஒதுக்கிவிடுகிற ஆலை, குலை குவியும் மாதத்தில் விசிறியை நிறுத்த வேண்டிய தேவையைப் பெருமளவு குறைத்துக்கொள்ளும்.